தறி அறையில் உலர்ந்த மருந்து

காஞ்சிபுரம்
8-7-1972, சனிக்கிழமை

அன்பு மகள் காந்தாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தி அம்மாவும் சௌக்கியமாக இருக்கக் காமாட்சியை வேண்டிக்கொள்கிறேன் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன், ஆனால் என் சௌக்கியம் செவ்வாய்க்கிழமையோடு போயிற்று. முதலில் பாப்பாவைப் பற்றிச் சொல். பேதி முழுக்க நின்றதா, பால் குடிக்கிறாளா அல்லது இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளா, அழுதால் கண்ணில் தண்ணீர் வருகிறதா, நாக்கு ஈரமாக இருக்கிறதா, உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது என்றாயே அது சரியாகிவிட்டதா, ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கிறாள். இதற்கெல்லாம் ஒரு கார்டில் பதில் எழுதி இன்றைக்கே தபாலில் போடு, சாவகாசமாகக் கடிதம் எழுதலாம் என்று காத்திருக்காதே. ஏழு மாதக் குழந்தைக்கு இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை, நேற்று அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தெருக்கோடி வரை போய்த் தபால்காரர் வருகிறாரா என்று பார்த்து வந்தேன், பால் முழுக்கப் பொங்கி அடுப்பே அணைந்து கிடந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை டிரங்கால் பதிவு செய்துவிட்டுக் காலை ஒன்பதரையிலிருந்து தபாலாபீசு பெஞ்சியில் நானும் அப்பாவும் உட்கார்ந்திருந்தோம், பிலாய் லைன் கிடைக்க மத்தியானம் இரண்டாகிவிட்டது. பக்கத்து குவார்ட்டர்ஸ் என்ஜினீயர் வீட்டு போனுக்கு நீ ஓடிவந்து பேசுகிற வரைக்கும் ஒரு நிமிஷம் போயிற்று, மிச்சம் இரண்டு நிமிஷத்தில் நீ பாதி நேரம் அழுதாய். குழந்தை திங்கட்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று நீ சொன்னது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது, அதற்குப் பிறகு நீ சொன்னதும் தெளிவாகவே விழுந்தது, விழாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்தாம்மா மருந்து டப்பாவ சரியா மூடல, ஈரக் கைய போட்டுட்டேன் போல இருக்குது, எல்லாம் என்னாலதான் என்றாய். பின்னாலிருந்து சம்பந்தி அம்மா குரல், கை சுத்தமில்லாம குழந்தைக்கு மருந்து குடுத்தா இப்பிடித்தான் ஆவும், நான் அப்பவே சொன்னேன் என்றது. நான் வாயைத் திறந்தேன், அதற்குள் மூன்று நிமிஷம் முடிந்தது என்று லைனைத் துண்டித்துவிட்டார்கள். இன்னொரு மூன்று நிமிஷம் கேட்டிருக்கலாம், அப்பாவும் கேட்கவா என்றார், நான் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நாலு நாளாக எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன், இது ஐந்தாவது. தப்பு உன் மேல் இல்லை. டப்பாவை நீ மூடினாலும் மூடாவிட்டாலும் நான் அனுப்பிய அந்தப் பிள்ளை மருந்துப் பொடி இங்கேயிருந்து கிளம்பும்போதே கெட்டுப்போனது. எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

மூலை வீட்டு தேவகியை உனக்குத் தெரியும், உனக்குப் பாப்பா பிறந்த அதே மாதம் பையனைப் பெற்றாளே, அவள். ஆனி பிறந்து நாலைந்து நாளில் அந்தப் பையனுக்கு வாந்தியும் பேதியும் ஆரம்பித்தது. முதல் நாள் பல் முளைக்கிறதற்கு என்றார்கள், இரண்டாம் நாள் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள், மூன்றாம் நாள் கண் செருகிக்கொண்டது, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், நானும் கூட ஓடினேன். அங்கே இருந்த பெண் டாக்டர் சின்ன வயதுதான், ஆனால் விடாக்கண்டி, தாய்ப்பாலைத் தவிர என்ன கொடுத்தாய் என்று தேவகியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். தேவகி முதலில் ஒன்றுமில்லை என்றாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, வேறொண்ணும் குடுக்கலமா, கிருஷ்ணவேணியம்மா செஞ்ச பிள்ளை மருந்துதான், அது மருந்துதானே என்றாள். அந்த டாக்டர் திரும்பி யார் கிருஷ்ணவேணியம்மா என்று கேட்டாள். நான்தான் என்று சொல்ல எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது காந்தா, அதை நினைத்தால் இப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இருபது வருஷமாக இந்தத் தெருவில் பிள்ளை பெற்ற வீடெல்லாம் என் பொடிக்குத்தான் வந்து நிற்கிறது, துளசி, கற்பூரவல்லி, சுட்ட வசம்பு, சுக்கு, ஓமம், அதிமதுரம் எல்லாம் அளவு பார்த்துப் போட்டு நான் இடித்துக் கொடுக்கிற பொடி. நீயும் அதைக் குடித்து வளர்ந்தவள்தான்.

மிச்சப் பொடியைக் கொண்டுவா, சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அந்த டாக்டர் சொன்னதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இதில் சோதிக்க என்ன இருக்கிறது, இலையும் வேரும்தானே, விஷமா வைத்திருக்கிறேன் என்று கேட்டுவிட்டேன். அப்பாவும் வீட்டுக்கு வந்ததும், நூறு பிள்ளைக்குக் குடுத்திருக்கற, ஒண்ணுக்கு ஆவலன்னா மருந்து மேல பழியா, விட்டுத் தள்ளு என்றார். ஆனால் நம் தெரு இளங்கோவன் சென்னையில் மருந்துகளைச் சோதிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறானே, பள்ளிக்கூட நாளில் உன்னிடம் கணக்கு நோட்டு கேட்டு வாசலில் நிற்பானே அவன்தான், அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவன் தேவகி வீட்டிலிருந்து ஒரு பொட்டலமும் நம் வீட்டு டப்பாவிலிருந்து ஒரு பொட்டலமும் வாங்கிப்போனான். போ, பார்த்துவிட்டு வந்து என் காலில் விழு என்று கிண்டல் செய்தேன். ஆறு நாள் கழித்துத்தான் வந்தான். அந்த ஆறு நாளும் உனக்கு ஒரு தந்தி கொடுத்திருக்கலாம், எதற்கும் கொஞ்ச நாள் பொடியை நிறுத்திவை என்று நாலு வார்த்தை. கொடுக்கவில்லை. கொடுத்தால் என் மருந்தில் குற்றம் இருக்கிறது என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று இருந்தேன், அந்த ஆறு நாளும் அங்கே நீ குழந்தைக்குச் சங்கில் ஊற்றிப் புகட்டிக்கொண்டிருந்தாய்.

போன சனிக்கிழமை இளங்கோவன் வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி அவன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேரே நம் வீட்டுக்கு வந்து ஒரு டிபன் கேரியரைத் திறந்தான், உள்ளே வட்டமான கண்ணாடித் தட்டுகள் மூன்று, மூடி போட்டு ஓரமெல்லாம் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. தொறந்துடாதீங்க பெரிம்மா, பார்க்க மட்டும் செய்யுங்க என்றான். தட்டுக்குள் ரம்ஜானுக்கு நமக்கு வருமே கடல்பாசி, அதைப்போல ஒரு பாகு உறைந்திருந்தது. முதல் தட்டில் என் பொடியை நான் சொல்கிற மாதிரியே வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி ஒரு சொட்டு விட்டானாம். அந்தச் சொட்டிலிருந்து தட்டு முழுக்கப் பொட்டுப் பொட்டாக மஞ்சளும் வெள்ளையுமாக முளைத்திருந்தது, ஓரத்தில் கரும்பச்சையாகப் பூஞ்சை ரோமம் ரோமமாக நின்றது. இதெல்லாம் உசிருள்ளதா என்று கேட்டேன், உசிரோடதான் இருக்குது பெரிம்மா, கண்ணுக்குத் தெரியாத அளவுல உங்க பொடியில இருந்துது, இங்க சாப்பாடு கிடைச்சதும் பெருகிக்கினு வந்துடுச்சு, குழந்தை வயித்துலயும் இதேதான் என்றான். இரண்டாவது தட்டில் அதே பொடியைத் தளதளவென்று கொதிக்கவிட்டு உடனே எடுத்தது, அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு புள்ளிதான். சரி, கொதிக்க வைத்தால் போதும் போலிருக்கிறது என்று மூச்சு விட்டேன், அதற்குள் மூன்றாவது தட்டைக் காட்டினான், காலையில் கொதிக்கவைத்துப் பிளாஸ்கில் ஊற்றிச் சாயங்காலம் எடுத்தது, அது முதல் தட்டை மாதிரியே நிறைந்து கிடந்தது. கொதியிலும் சாகாத சில விதைகள் அந்தக் கிருமிகளில் உண்டாம், பிளாஸ்கின் வெதுவெதுப்பில் அவை சாவகாசமாக முளைத்துக்கொள்ளுமாம்.

எனக்கு அந்தத் தட்டுகளைப் பார்க்க அருவருப்பு வரவில்லை காந்தா, பயம்தான் வந்தது. ஏனென்றால் உனக்கு நான் கைப்பட எழுதி டப்பாவுக்குள் வைத்த காகிதம் என் கண் முன்னால் நின்றது. கொதிக்க விடாதே, கொதித்தால் துளசியின் வாசம் ஆவியோடு போய்விடும், வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துச் சங்கில் புகட்டு, மிச்சத்தைப் பிளாஸ்கில் ஊற்றிச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள், வயிறு கொஞ்சம் கெட்டது போலிருந்தால் ஒரு வேளை கூடவே கொடு. நாலு வாக்கியம் எழுதினேன், நாலும் தப்பு. நீ சொன்ன பேச்சு கேட்கிற பெண், என் வயிற்றில் எப்படித்தான் பிறந்தாய் என்று அப்பா அடிக்கடி கேட்பார், பாப்பாவுக்கு முதல் நாள் பேதியானதும் நான் எழுதியபடியே ஒரு வேளை கூட்டிக் கொடுத்திருப்பாய். நீ போனில் அதைச் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். இளங்கோவன் தட்டைக் கேரியரில் வைத்து மூடுவதற்குள் நான் செருப்புகூடப் போடாமல் தபாலாபீசுக்குப் போய்த் தந்தி கொடுத்தேன், தந்தி எழுதுகிற பையன் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு மருந்தை நிறுத்தணுமா இல்ல குடுக்கணுமா அம்மா என்று கேட்டான், நிறுத்தணும், நிறுத்தணும் என்று கத்திவிட்டேன். அந்தத் தந்தி வருவதற்கு முதல் நாளே குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டீர்கள் என்பது செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இந்தத் தடவை செய்த பொடியை வாங்கிப்போன வீடுகளுக்கெல்லாம் நானே போய்த் திரும்ப வாங்கினேன். பத்து வீடு. ஒவ்வொரு வாசலிலும் நின்று என் மருந்து கெட்டுப்போய்விட்டது, கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல முதல் மூன்று வீட்டுக்கு நாக்கு புரளவில்லை, நாலாவது வீட்டிலிருந்து பழகிவிட்டது. சிலர் பயந்துபோய் உடனே எடுத்துக் கொடுத்தார்கள், சிலர் உள்ளே போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டுக் கொடுத்தார்கள். தன் இருமலுக்கு வாங்கிப்போன கங்கையம்மாள்தான் தரமாட்டேன் என்று டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். இன்னாத்துக்குத் தரணும், எனக்கு இருமல் நின்னுதே, நல்லாத்தான் இருக்குது, வேற யாருக்காவது குடுக்கறதுக்குப் பிடுங்கிக்கினு போறியா என்று சண்டைக்கு வந்தாள். கெட்டுப்போனது என்று அதைச் செய்தவளே சொல்கிறேன், நம்ப மாட்டேன் என்கிறாள், இதை எங்கே போய்ச் சொல்வது. கடைசியில் பிடுங்கித்தான் வந்தேன். பொடியை டீத்தூளோடு போட்டு கன்னங்கரேலென்று கொதிக்கவைத்துக் குடிப்பாள், கொதிக்க வைக்காதே என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன், என் பேச்சைக் கேட்காததால் தப்பித்தாள். அப்படியும் அது நல்லதில்லையாம், பூஞ்சை ஒரு நஞ்சைக் கக்கி வைக்கிறது, அது எத்தனை கொதித்தாலும் போகாது என்று இளங்கோவன் சொல்கிறான். நான் எழுதிக் கொடுத்ததை எழுத்துக்கு எழுத்து கேட்டவர்கள் இரண்டே பேர், தேவகியும் நீயும். தேவகி பையன் இப்போது தேறிவிட்டான், கவலைப்படாதே, நேற்று என்னைப் பார்த்துச் சிரித்தான், தேவகிதான் சிரிக்கவில்லை.

இத்தனை வருஷம் ஒன்றும் ஆகாத பொடிக்கு இந்தத் தடவை மட்டும் என்ன வந்தது என்று நீ கேட்பாய், அப்பாவும் அதைத்தான் கேட்டார். இத்தனை வருஷமும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று இப்போது அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, பிள்ளைகளுக்கு வயிறு கெட்டபோதெல்லாம் பல் முளைக்கிறது என்றுதானே எல்லோரும் சொன்னோம். ஆனால் இந்தத் தடவை நடந்தது எனக்கு நன்றாகத் தெரியும். வைகாசி கருடசேவைக்குச் செய்யாற்றிலிருந்து உன் சித்தப்பா வீட்டார் ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள், பின்கட்டுத் தாழ்வாரம் முழுக்கப் பாயும் தலையணையும்தான். துளசியையும் கற்பூரவல்லியையும் வருஷா வருஷம் அந்தத் தாழ்வாரத்தில்தான் நிழலில் உலர்த்துவேன், அங்கே நாள் பூரா காற்று வரும். இந்தத் தடவை செவிலிமேட்டிலிருந்து அங்கம்மாள் இரண்டு கூடை இலை கொண்டுவந்து இறக்கிவிட்டாள், வாடாமல் இருக்க வழியெல்லாம் வாய்க்கால் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வந்திருக்கிறாள். நிழல் வேண்டும், எங்கே விரிப்பது என்று பார்த்தேன், தறி அறைதான் காலியாக இருந்தது, சாக்கைப் போட்டுத் தறிக்குப் பக்கத்திலேயே பரப்பினேன். வெளியே அனல் காற்று, பட்டு இழை வறண்டு படக் படக்கென்று அறுந்துபோகிறது என்று உன் தம்பி ஆதிகேசவன் காலையும் மாலையும் மண் தரையில் தண்ணீர் தெளித்து, ஜன்னலில் ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு அந்த அறையை ஈரமாகவே வைத்திருந்தான். நெசவு வீட்டில் அது எல்லோரும் செய்வதுதான், நானும் முப்பது வருஷமாகப் பார்ப்பதுதான். பட்டுக்கு ஈரம் வேண்டும், இலைக்கு ஈரம் கூடாது, இரண்டும் எனக்குத் தெரியும், இரண்டையும் ஒரே அறையில் வைத்தேன். நிழல் என்ற ஒன்றுதான் அப்போது மண்டையில் இருந்தது, காற்று மறந்துபோயிற்று. கற்பூரவல்லி தடித்த இலை, வெளியே சருகானாலும் உள்ளே ஈரத்தை வைத்துக்கொள்ளும். பத்து நாள் அங்கே கிடந்தது.

இதோடு நிறுத்திக்கொண்டு கவனக்குறைவு, தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதினால் நீ படித்துவிட்டுச் சமாதானமாகிவிடுவாய். முதலில் கிழித்த நாலு கடிதங்களும் இங்கேதான் நின்றன. இடித்து முடித்து வெள்ளைத் துணியில் சலித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வாடை தெரிந்தது காந்தா. நனைந்த சாக்கு மாதிரி ஒரு மக்கல் வாடை. துணியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இரண்டாவது தடவையும் பார்த்தேன், அதே வாடைதான். மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிற சிட்டிபாபு லீவு முடிந்து மறுநாள் காலை பிலாய்க்குக் கிளம்புகிறான், அவனிடம் கொடுத்தால் மூன்றாம் நாள் மாப்பிள்ளை கையில் சேர்த்துவிடுவான், தூக்கிக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்ய எனக்கு நாள் இல்லை. அதுகூட ஒரு சாக்குதான், அடுத்த மாதம் தபாலில் அனுப்பினால் ஆகாதா. விஷயம் என்னவென்றால் பழைய டப்பா தீர்ந்தது என்று நீ எழுதிய கடிதத்தில், சம்பந்தி அம்மா என் மருந்தைப் போல ஒன்று வடக்கே எங்கேயும் கிடைக்காது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நமக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து அனுப்பு என்று எழுதியிருந்தாய். அந்த வரியை அப்பாவிடம் மூன்று தடவை படித்துக் காட்டினேன். அப்படிப்பட்ட மருந்து இந்தத் தடவை இல்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு பிடி கிராம்பும் இரண்டு பிடி ஓமமும் வறுத்து இடித்துச் சேர்த்தேன். முகர்ந்து பார்த்தேன், கிராம்பு வாசம் மட்டும்தான் வந்தது, அப்பாடா என்றிருந்தது. டப்பாவை மூடி, மேலே மஞ்சள் துணி கட்டி, சிட்டிபாபுவிடம் கொடுத்துவிட்டேன். இது அப்பாவுக்குத் தெரியாது, நேற்று ராத்திரிதான் சொன்னேன். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார், இன்றைக்குக் காலையில், எழுது, அவளுக்கு எழுதிடு என்று மட்டும் சொன்னார்.

இனிமேல் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், இந்தத் தடவை நான் சொல்வதை நம்பாதே, அங்கே உள்ள டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு செய். அந்தப் பொடி டப்பாவில் ஒரு சிட்டிகை மிச்சம் இருந்தாலும் டாக்டர் கேட்டால் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைத்துவிடு, மாட்டுத் தொட்டியில் கொட்டாதே, யாருக்கும் தானம் கொடுக்காதே. உன் சிக்கனம் எனக்குத் தெரியும், வெயிலில் காயவைத்துக்கொள்ளலாம், வறுத்துக்கொள்ளலாம், பெரியவர்கள் குடிக்கலாம் என்றெல்லாம் யோசிப்பாய், வேண்டாம், பூஞ்சை பிடித்தது பிடித்ததுதான். பக்கத்து வீட்டுக்கு அதில் ஏதாவது கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் போய்த் திரும்ப வாங்கு, நான் பத்து வீடு ஏறி இறங்கினேன், உனக்கு ஒரு வீடுதானே. அந்த டப்பாவையும் சங்கையும் நன்றாகத் தேய்த்துக் கொதிநீரில் போட்டு எடு. குழந்தைக்கு ஒரு வயது வரைக்கும் பாலும் அந்த டாக்டர் சொல்கிற கஞ்சியும் போதும், பொடியும் வேண்டாம், உரைத்துக் கொடுக்கிற வேரும் வேண்டாம், வசம்பும் சுக்கும் மண்ணுக்குள்ளிருந்து வருகிறது, மண்ணில் உள்ளதெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டுதான் வரும் என்று இளங்கோவன் சொல்கிறான், யோசித்துப் பார்த்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை, நமக்குத்தான் வேர் என்றதும் மருந்து என்று மட்டும் தெரிந்தது. மாப்பிள்ளை மழைக்காலத்தில் துளசி டீ கேட்டால் இலையைப் புதிதாகப் பறித்து, நாலு தண்ணீர் கழுவி, தளதளவென்று கொதிக்க விட்டு, சூடு ஆறுவதற்குள் குடிக்கச் சொல், பிளாஸ்கில் ஊற்றி வைக்காதே. வாசம் போனால் போகட்டும்.

இங்கே மற்ற செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆதிகேசவன் ஆவணி முகூர்த்தப் புடவை இரண்டை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துவிட்டான், மூன்றாவதற்குப் பாவு நூல் ஏற்றியிருக்கிறான், என்னைச் சீண்டுவதற்காகக் குடிக்கிற தண்ணியக்கூடக் கொதிக்க வச்சிக்கினு இருக்கேன் பாரு என்று சொம்பைத் தூக்கிக் காட்டுகிறான், திட்டலாம் என்று பார்த்தேன், நல்ல காரியம்தானே செய்கிறான் என்று விட்டுவிட்டேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. ஆஸ்பத்திரி டாக்டர் அம்மாவைப் போய்ப் பார்த்து, அன்றைக்குக் கோபமாகப் பேசிவிட்டேன் என்று சொன்னேன், அவள் என்னை உட்காரச் சொல்லி, எப்படிச் செய்வீர்கள், எங்கே உலர்த்துவீர்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். இனி யாருக்கும் செய்து தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நேற்றுக்கூட ஜெயம்மாள் மருமகளுக்குப் பிரசவம் ஆகியிருக்கிறது என்று வந்து நின்றாள், இல்லை என்று சொல்லி அனுப்பினேன், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, உரல் பக்கம் போய்ப் போய் வருகிறேன்.

காந்தா, இந்தக் கடிதத்தைத் தனியாகப் படித்துவிட்டுப் பெட்டிக்குள் ஒளித்து வைக்காதே. சம்பந்தி அம்மாவை உட்காரவைத்து, மாப்பிள்ளையும் இருக்கும்போது, முதலிலிருந்து சத்தமாகப் படி. வாடை தெரிந்தும் கிராம்பு போட்டு மூடினேன் என்று எழுதியிருக்கிற இடத்தை விட்டுவிட்டுப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியும், பெற்றவளை விட்டுக்கொடுக்க உனக்கு வராது. அந்த இடத்தைத்தான் இரண்டு தடவை படிக்க வேண்டும். சம்பந்தி அம்மா, இதை நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். பெண்ணைக் கொடுத்த வீட்டிலிருந்து இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததில்லை. உங்கள் பேத்தியைச் சாகக் கிடத்தியது என் மருந்து, அதைக் கெட்டது என்று தெரிந்தே அனுப்பியது என் கை. உங்கள் மருமகள் கை சுத்தமான கைதான். என்னைப் பேச வேண்டியதை எனக்கு எழுதுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் பதில் சொல்ல மாட்டேன், அவளை மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள்.

பாப்பா நூறாண்டு ஆரோக்கியமாக இருக்க வேண்டும், நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று வாழ வேண்டும். கார்டு போட மறக்காதே, அழுதால் கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று முதல் வரியிலேயே எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
கோ. கிருஷ்ணவேணி